அலமாரிக் கதவில் ஒரு கிட்டார்

மேற்குத் தாம்பரம்
12-11-1972

அன்பு மகள் ஞானஜோதிக்கு எலியேசர் சித்தப்பா எழுதுவது, ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டு சுகமாயிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை கேசவனும் பிலாய்க் குளிரில் நன்றாகப் போர்த்திக்கொண்டு சுகமாயிருக்க வேண்டும். இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீ ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் பண்ணிக்கொண்டு ரயிலேறியதும் உங்கப்பா, இனி இந்த வீட்டில் அவள் பேரை எடுக்கக்கூடாது என்றாரே, அப்பவே உங்கம்மாவிடம், அண்ணி அழாதீங்க, அண்ணன் இறங்கி வருவார், அதுவும் பாட்டோடு வருவார் என்று சொன்னேன். அண்ணியைக் கேட்டால் ஞாபகமில்லை என்பார்கள், அவர்களுக்கு மறதி ஜாஸ்தி.

விஷயம் என்னவென்றால் அண்ணன் ரிடையரானதும் கை சும்மா இருக்காமல் உன் ரூமிலிருந்த தேக்கு அலமாரியின் கதவைக் கழற்றி ஒரு கிட்டார் செய்துவிட்டார். உடம்பு, கழுத்து எல்லாம் ஜோராக வந்தது, மாட்டிக்கொண்டது பிரெட்டில்தான். வீணைக்கு மெட்டு இருக்கிறதே, அதுபோலக் கழுத்தில் குறுக்கே பதிக்கிற பித்தளைக் கம்பி. கம்பி நம்ம சப்ளை, பல்லாவரம் கம்பெனியில் என் கையாலேயே இழுத்தது, ஜெர்மன் இன்ஜினியர் ஒருத்தர் பார்த்துத் தொப்பியைக் கழற்றிவிட்டார். அண்ணன் கணக்கு வாத்தியார் ஆச்சே, நீ இடக்கையால் எழுதினால் முட்டியில் ஒன்று வைப்பாரே, அதே மர ஸ்கேலை வைத்து, எல்லாம் சம இடைவெளியாகக் கோடு போட்டு, அறுத்து, கம்பியை அடித்தும் விட்டார். மீட்டினால் ஆடு கத்துகிறது! அண்ணே இது கட்டம் போட்ட கிராப் நோட்டு இல்லை, மேலே போகப்போக இடைவெளி சுருங்கணும் என்று நான்தான் சொன்னேன். முதலில் சொன்னது கொயர் மாஸ்டர் சுவிசேஷமுத்து, ஆனால் நான் சத்தமாகச் சொன்னேன்.

உங்கப்பா தப்பு என்று ஒத்துக்கொண்டு நீ பார்த்திருக்கிறாயா? குறடு எடுத்து எல்லாக் கம்பியையும் பிடுங்கினார், அறுத்த தடத்தையெல்லாம் தேக்குத் தூளும் வஜ்ஜிரப் பசையும் குழைத்து அடைத்தார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை கம்பிக்குப் பதில் நூல். சர்ச் ஆர்மோனியத்தை நான் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தேன், லெவல் கிராசிங்கில் எனக்காக எலெக்ட்ரிக் ட்ரெயினே நின்றது. அண்ணி ஒவ்வொரு கட்டையாக அழுத்த, அண்ணன் கழுத்தில் கட்டின நூலை இப்படியும் அப்படியும் நகர்த்தி, சுருதி சேர்ந்த இடத்தில் பென்சில் வைத்து, அங்கே கம்பியை மரச்சுத்தியால் தட்டித் தட்டி இறக்கினார். அடைத்த தழும்பு தெரிகிறது, ஆனால் சத்தம் கோயில் மணி மாதிரி சுத்தம்.

கடைசிக் கம்பி இறங்கினதும் சுத்தியைக் கீழே வைத்துவிட்டு, எலியேசர், கிறிஸ்துமசுக்கு ஜோதியையும் மாப்பிள்ளையையும் வரச்சொல்லி எழுது என்றார், கண்ணெல்லாம் தண்ணீர். ஆகையால் உடனே லீவு எழுதிக் கொடு, ரயிலில் ஜன்னலோரம் தலை வைத்துத் தூங்காதே, மாப்பிள்ளைக்கு அண்ணி மீன் குழம்பு வைப்பார்கள், காரம் ஆகுமா என்று எழுது. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வருகிற தேதியை மறக்காமல் எனக்கு எழுது, அப்பாவுக்கு எழுதாதே.

உன் நன்மையையே நினைக்கிற சித்தப்பா,
ஏ. எலியேசர்

பி.கு. கவரை ஒட்டப் போனேன், மனசு கேட்கவில்லை. வரச்சொல்லி எழுது என்று அண்ணன் சொல்லவில்லை, கண்ணில் தண்ணீரும் இல்லை, அது நான் சேர்த்தது. சுத்தியைக் கீழே வைத்தார், அவ்வளவுதான். ஆனால் இது சத்தியம்: நான் அந்தக் கிட்டாரை மடியில் வைத்துப் பார்த்தேன், மேலே இருக்கவேண்டிய தடித்த தந்தி கீழே இருந்தது. அண்ணே, தலைகீழாகக் கட்டிட்டீங்க என்றேன். சரியாத்தான் கட்டியிருக்கேன், நீ கீழே வை என்றார். நம் வீட்டில் உன்னைத் தவிர இடக்கைக்காரர் யாரம்மா?