பெற்றோர் கையெழுத்து

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். உங்கள் இருமல் நின்றதா? தம்பிக்கு மேல்பல் முளைத்துவிட்டதா?

இங்கே ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. சாப்பாட்டு மேசை முழுக்க விடைத்தாள் கட்டுகள் இருப்பதால், ஒரு வாரமாகத் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். அப்பா திருத்துகிறார்; நான் மதிப்பெண்களைக் கூட்டிச் சரிபார்க்கிறேன். என் தாளை மட்டும் வேறொரு ஆசிரியர் திருத்தினார். நேற்று அந்த மும்முரத்தில் பால் பொங்கி கேஸ் அடுப்பே அணைந்துவிட்டது. பயப்படாதீர்கள், உடனே ஜன்னலைத் திறந்துவிட்டோம். "பதினேழு, துணி எடுத்துட்டு வா!" என்று அப்பா கத்தினார். அது வகுப்பில் என் வருகைப்பதிவு எண். நானும் "உள்ளேன் ஐயா" என்று ஓடினேன். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து ஓய்ந்தோம்.

இன்று என் மதிப்பெண் அட்டையை எழுதினார். வகுப்பாசிரியர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பெற்றோர் என்ற இடத்துக்கும் பேனாவைக் கொண்டுபோனார். நான் வெடுக்கென்று அட்டையைப் பிடுங்கிக்கொண்டேன்.

"ஏம்மா, நான் உன்னைப் பெத்தவன் இல்லையா?"

"அது அம்மா இடம்ப்பா."

அப்பா பேனாவை மூடி வைத்தார்.

அப்பாவுக்கு மாணவர் சேர்க்கை வேலை இருப்பதால் இந்த விடுமுறைக்கும் எங்களால் ஊருக்கு வர முடியாதாம். அதனால் அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். பள்ளி திறக்கும் நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். தபாலை நம்ப முடியாது என்று தோன்றினால், தம்பியைத் தூக்கிக்கொண்டு நீங்களே எடுத்து வந்துவிடுங்கள். மேசையைக் காலி செய்து வைக்கிறேன்.

அப்பா தபால் பெட்டிக்குப் போகச் செருப்பை மாட்டிவிட்டார்.

உங்கள் மகள்