இருவாச்சி எண்ணெய்

அம்மா வீட்டுக் கிணற்றடித் துவைகல்லின் மேல் ஒரு சின்னப் புட்டியை வெயிலில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். அடியில் மஞ்சளாக உறைந்து கிடக்கும் எண்ணெய் இளக வேண்டும். தக்கையைத் திறந்தபோதே அந்த வாடை வந்துவிட்டது. அழுகின அத்திப்பழமும் பழைய நெய்யும் கலந்த வாடை. உடனே யாரோ என் முழங்காலைப் பிடித்த மாதிரி இருந்தது. உன் கைதான். நீ போய் இரண்டு மழைக்காலம் கழிந்துவிட்டது. உனக்கு எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

சென்னைக் கல்லூரியில் நாம் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். விடுமுறைக்கு ஒரே ரயிலில் தென்காசியில் வந்து இறங்குவோம். நான் இலஞ்சிக்கு, நீ குற்றால மலைமேல் உன் அப்பா பார்த்துவந்த மங்குஸ்தான் தோட்டத்துக்கு. கடைசி வருடம் என்னையும் மேலே அழைத்துப் போனாய். சித்திரை மாதம். பேரருவி பாறையில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. சாரலுக்கு வந்து குளித்துவிட்டுப் போகிறவர்கள் பார்த்தால் குற்றாலம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நீயோ இதுதான் மலை வீட்டு உடுப்பில் இருக்கிற காலம் என்றாய்.

உங்கள் தோட்டத்து ஓடைக்கு அக்கரையில் ஒரு பெரிய இலவமரம். அதன் பொந்தின் வாயை மண் பூசி அடைத்திருந்தது; நடுவில் ஒரு கீறல், அதில் உள்ளே அடைந்திருந்த பெண் இருவாச்சியின் மூக்கு நுனி. ஆண் பறவை வருவதற்கு முன் சத்தம் வந்தது, மேட்டில் ஏறுகிற எஞ்சின் மூச்சு வாங்குகிற மாதிரி. மலையையே முழங்கவைப்பதால் செங்கோட்டைப் பக்கத்துக் கூலியாட்கள் அதை மலமுழக்கி என்றார்கள். கீறலுக்கு முன்னால் தொற்றிக்கொண்டு, தொண்டைக்குள்ளிருந்து ஒவ்வொரு அத்திப்பழமாக எடுத்து அது உள்ளே கொடுத்தது. கொடுத்துக்கொண்டே இருந்தது.

நான் அப்போது பட்டிமன்றப் பேச்சுக்காரி. பொண்டாட்டியைச் சுவர் வைத்துப் பூசிவிட்டு ஊர் சுற்றுகிறான் என்று சொன்னேன். நீ சிரித்த சிரிப்பில் பறவை பறந்துவிடும் என்று பயந்தேன்.

“நல்லாப் பாருட்டி. பூசுனது அவன் இல்ல, அவதான். பொங்கல் லீவுல பாத்தேன். உள்ள உக்காந்துக்கிட்டே தன் எச்சத்தக் குழைச்சுப் பூசுதா. அவனுக்கு வேல பழம் கொண்டாரது மட்டுந்தான்.”

நான் இறங்க வேண்டிய நாள் காலையில் தாய்ப்பறவை சுவரை உடைத்து வெளியே வந்தது. உதிர்ந்து முளைத்த சிறகு கசங்கியிருந்தது; பறக்க மறந்தவள்போல் கிளையில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகுதான் அந்த அதிசயம். பொந்துக்குள்ளிருந்து ஒரு சின்ன மூக்கு வந்து, உடைந்த வாசலைத் தானாகவே திரும்பப் பூசத் தொடங்கியது. யாரும் சொல்லிக்கொடுக்காத குஞ்சு. தின்னக் கொண்டுபோன முறுக்கு கையிலேயே நமுத்துப்போனது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எந்த ஓடை, எந்த மரம், எந்தப் பக்கத்துப் பொந்து என்றெல்லாம். அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க யாரால் முடியும்?

பிறகு கல்யாணம், தலைப்பிரசவம். மாசி மாதம் இதே வீட்டில்தான் மகள் பிறந்தாள். பிறந்த பின் என்னால் எழுந்து நிற்க முடியவில்லை. இடுப்பும் முழங்காலும் என் சொல் கேட்கவில்லை. காற்றுப் படக்கூடாது என்று சன்னலில் சாக்கைத் திணித்திருந்தார்கள். சோறு கதவிடுக்கு வழியாக வந்தது. நீ மலையிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்று பார்த்தாய்.

“என்னட்டி, உன்னையும் பூசிட்டாங்களா?”

சிரித்தேன். சிரித்ததில் இடுப்பு வலித்தது. நீ குழந்தையைத் தூக்கினாய், முகர்ந்தாய், பிறகு அறையையே முகர்ந்தாய். இது என்ன வாடை என்று கேட்டாய். அம்மா பெருமையாகத்தான் சொன்னாள்.

“இருவாச்சி நெய். முடங்குன காலும் நிமிரும்லா. மலைத் தேன்காரன்ட்ட சொல்லிவச்சேன். இவ அன்னைக்குச் சொன்னால்லா, ஓடைக்கு அக்கரை இலவமரம்னு, அங்கனதான் புடிச்சான். பொட்ட றெக்க உதிர்ந்து கெடந்துதாம். புடிக்க லேசாப் போச்சு.”

உன் முகத்தைப் பார்த்தேன். பிறகு என் காலைப் பார்த்தேன். அது மினுங்கிக்கொண்டிருந்தது. முந்தானையை எடுத்து அழுத்தித் துடைக்கப் போனேன். நீ என் கையைப் பிடித்தாய். குழந்தையை என் மடியில் விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, புட்டியை உன் உள்ளங்கையில் சாய்த்துக்கொண்டாய்.

“தொடைக்காத. போன உசுரு போச்சு. உன் கால்லயாவது நிக்கட்டும்.”

மேலிருந்து கீழாக, கட்டைவிரலால் முட்டியைச் சுற்றி, வெகுநேரம் தேய்த்தாய். அந்த மரத்தைக் காட்டிக்கொடுத்தது நான்தான் என்று அழுதேன். நானும் ஊரெல்லாம் சொன்னவள்தான் என்றாய்.

மறுபடி நீ வந்தபோது நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எண்ணெயால் நின்றேனா, உன் கையால் நின்றேனா, நாளானதால் நின்றேனா, எனக்கு இன்றுவரை தெரியாது. உனக்கு அவ்வளவு சந்தோஷம். புறப்படும்போது மட்டும், வாசல்படியில் நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னாய்.

“அவன் இன்னும் வருதான். பழத்தக் கொண்டாந்து, ஒடஞ்ச வாசல்ல மூக்க நீட்டிக்கிட்டு நிக்கான்.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் என்னை மேலே கூப்பிட்டாய். குழந்தையையும் கொண்டுவா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். நான் ஒவ்வொரு கோடையிலும் காரணம் வைத்திருந்தேன். அட்டை கடிக்கும், பனி ஒத்துக்கொள்ளாது, பல் முளைக்கிறது, மலைக்காய்ச்சல் பரவுகிறது. பயம் பொய்யில்லை, குழந்தை தும்மினாலே விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். ஆனால் அந்த மரத்தைப் பார்க்கிற பயம் அவை எல்லாவற்றிலும் பெரிது. ஒரு வருடம், அவனுக்கு வேறு ஜோடி கிடைத்திருக்கிறது, அதே பொந்து, வந்து பார் என்று பழக்கூடைக்காரியிடம் சொல்லியனுப்பினாய். அப்போதும் அடுத்த வருடம் என்றேன். அந்த ஐப்பசியில் மலைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. திருநெல்வேலியில் புகுந்த வீட்டில் இருந்த எனக்குச் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இப்போது மறுபடி மாசி. நான் நிறைமாதமாக இதே வீட்டில் இருக்கிறேன். லேடி டாக்டர் காலுக்கு எழுதிக்கொடுத்த சீமை மருந்து யுத்தத்தால் எந்தக் கடையிலும் இல்லை. நேற்றுக் கொல்லைப்புறத்தில் தேன்காரன் வந்து நின்றான். அந்த இலவமரத்தில் இந்த வருடமும் இருவாச்சி அடைந்திருக்கிறது, சொன்னால் கொண்டுவருகிறேன் என்றான். அம்மா என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்றேன்.

“நீ பறவைக்குப் பாவம் பாக்க. நீ படுத்துட்டன்னா ரெண்டு புள்ளையையும் யாரு பாப்பா?”

என் ராத்தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வியும் அதுதான். நிற்க முடியாமல் போனால்? குழந்தை அழுது நான் எழ முடியாமல் கிடந்தால்? ஆனாலும் மாடக்குழியிலிருந்து அந்தப் பழைய புட்டியை எடுத்து வந்து காட்டினேன்.

“இதுல மிச்சம் இருக்கும்மா. இது போதும்.”

“அது ஒரு காலுக்கே காணாதே.”

“காணும்.”

தேன்காரன் தலையாட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டான். அவன் தலையாட்டலை நம்பலாமா? இந்த ஊரில் நான் ஒருத்திதானா பிள்ளை பெறுகிறேன்?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மேலே அந்த எஞ்சின் மூச்சுச் சத்தம் கேட்டது. மகள் ஓடிவந்து அண்ணாந்து பார்த்தாள். ஒரே ஒரு பறவை, தோப்பைத் தாண்டி மலையைப் பார்த்துப் போனது.

“ஒத்தையாப் போவுதும்மா. அதுக்கு யாரும் இல்லயா?”

“பொந்துக்குள்ள அம்மா இருக்கா. அவளுக்குப் பழம் கொண்டுபோவுது.”

அவளுக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் உனக்கும் எனக்கும் தெரியுமே, அந்த மாசியிலும் அவன் இப்படித்தான் பழத்தோடு பறந்துகொண்டிருந்தான். கீழே இருந்து பார்க்கிறவளுக்குப் பொந்துக்குள் அவள் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். இனிச் சித்திரையில் இரண்டாகப் பறந்தால்தான் நான் நம்புவேன். கால் நின்றால் பிள்ளைகளோடு உன் ஓடைக்கரைக்கு ஏறிவந்து பார்ப்பேன்.

புட்டியில் எண்ணெய் இளகிவிட்டது. அம்மா சொன்னது சரி, ஒரு காலுக்கே காணாது. விரல் நுனியில் கொஞ்சம் தொட்டு, நீ தேய்த்த மாதிரியே மேலிருந்து கீழாகத் தேய்த்துப் பார்க்கிறேன். தேய்க்கத் தேய்க்க வற்றிப்போகிறது. கையை எடுக்க மனம் வரவில்லை.