தேவியைக் கட்டிப்போட்ட வாரம்

7.7.2003, திங்கள்

காலையிலிருந்தே கடல்காத்து. சோத்துப் பானையில மணல். விறகு ஈரம்.

தேவி இன்னிக்கும் பால்வாடிக்கு வரல. நாலு வயசு, இன்னும் பேச்சு வராத பிள்ளை. போன வாரம் நான் செங்கல்பட்டுல ட்ரெயினிங். அதிலிருந்தே வரலையாம். மத்தியானம் வீட்டுக்கே போனேன்.

அவ கால்ல சேலையில கிழிச்ச துணியைக் கட்டியிருக்கு. மறுமுனை வாசக்கால்ல. பக்கத்துல ஒரு சொம்பு தண்ணி. என்னைப் பார்த்துச் சிரிக்குது.

அவுத்து மடியில வெச்சுக்கிட்டேன். கருவாடு காயவைக்கப் போன அம்மா கஸ்தூரி வந்ததும் கத்தினேன். அவ கத்தல.

"உங்க ஆயாதான் கூட்டியாராதன்னுச்சு டீச்சர். வுட்டா ரோட்டுக்கு ஓடுது. வண்டி ஹாரன் அடிச்சாலும் திரும்ப மாட்டுது. நான் இன்னா பண்றது?"

8.7, செவ்வாய்

ஆயா சரோஜாகிட்ட கேட்டேன். ஒத்துக்கிட்டா. நான் இல்லாத அன்னிக்கு தேவி ரோட்டுக்கு ஓடி, வேன்காரன் ப்ரேக் போட்டானாம். அடுப்பைப் பார்ப்பாளா, பிள்ளைங்களைப் பார்ப்பாளா? ஆத்திரம் தீரல. ஆனா அவ சொல்றதும் நிஜம். பால்வாடி வாசலுக்கு ஒரு கேட் இல்ல. ஆபீஸ்ல கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம்.

ஊருக்கு ஊசி போட வர்ற நர்ஸம்மா வந்தாங்க. தேவிக்குப் பின்னால தட்டைத் தட்டினாங்க. திரும்பல. ரெண்டு காதுலயும் சீழ். பழைய சீழாம். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், நானும் வரேன்னாங்க.

பேச்சு லேட்டா வரும்னு நானும்தானே சொல்லிட்டிருந்தேன். சே.

10.7, வியாழன்

ஒன்றிய ஆபீஸ்ல கூட்டம். பேனர்ல "அனைத்துத் துறை ஒருங்கிணைப்பு". பொன்னாடை, போண்டா.

தேவி விஷயத்தை எழுந்து சொன்னேன். காது கேக்காத பிள்ளைங்களுக்கு மெட்ராஸ்ல ஹாஸ்டலோட ஸ்கூல் இருக்கு, அனுப்பிடுங்கன்னார் அதிகாரி. நாலு வயசுப் பிள்ளையை. அம்மாவைக் கேக்க வேணாமா? பால்வாடி வாசலுக்கு கேட் வேணும்னு கேட்டேன். அது பஞ்சாயத்து வேலைன்னார். பஞ்சாயத்து ஆள், அது உங்க துறைதான் சார்னார். சிரிச்சாங்க. எல்லாரும்.

நர்ஸம்மா மட்டும் சிரிக்கல. வெளிய வந்து, "திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். இவங்களுக்காக நிக்க வேணாம்." அவ்வளவுதான்.

12.7, சனி

சரோஜா வீட்டுக்காரர் பழைய படகுப் பலகையில கேட் அடிச்சார். கோணல். ஆனா மூடுது. நாங்க கேக்கவே இல்ல, சரோஜாதான் சொல்லியிருக்கா. சர்க்கார் செய்ய வேண்டியதை இவர் செஞ்சார்னு சந்தோஷப்படச் சொல்றாங்களா? எனக்கு எரியுது.

உளுந்து ஊறப்போடணும்.

14.7, திங்கள்

நர்ஸம்மா, கஸ்தூரி, நான், தேவி. செங்கல்பட்டு போய்ச் சேர வெயில் ஏறிடுச்சு. சின்ன டாக்டர், நல்ல மாதிரி. ஒரு காதுல கொஞ்சம் கேக்குதாம். சீழ் நின்னதும் காது மிஷின் வெச்சுப் பார்க்கலாம். இன்னொண்ணு போச்சு. முன்னாடியே வந்திருக்கலாமேன்னார்.

திரும்பி வரப்போ கஸ்தூரி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னா: "கைக்குழந்தையிலயே சீழ் வந்துச்சு டீச்சர். ஊருக்கு வந்த முகாம்ல காட்டினேன். வளந்தா சரியாயிடும்னு அனுப்பிட்டாங்க. நான் காட்டாம இல்ல."

தேவி என் தோள்ல தூங்கிட்டா. காதுல பஞ்சு.

15.7, செவ்வாய்

தேவி வந்தா. கூப்பிடணும்னா தோளைத் தொடணும்னு பிள்ளைங்களுக்குச் சொன்னேன். மணின்னு ஒரு பையன் ஓங்கித் தட்டினான். தேவி திருப்பி அறைஞ்சா. ஒரே அழுகை.

சாயங்காலம் மணியோட அம்மா சண்டைக்கு. "அந்த ஊமையை நிறுத்து, இல்ல எம்புள்ளைய அனுப்ப மாட்டேன்."

நான் வாய் திறக்கிறதுக்குள்ள சரோஜா கையைத் துடைச்சுக்கிட்டே வந்தா. "அதுக்குப் பேரு தேவி. ரெண்டும்தான் அடிச்சிக்கினுதுங்க. நாளைக்கு ரெண்டும் வரும்."