ஆட்டுக்கால் சூப்பும் ஒரு பொய்யும்

இன்று காலை செவ்வாப்பேட்டையில் உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தேன், அண்ணி. நேற்று நான் காய்ச்சி வைத்த ஆட்டுக்கால் சூப் உங்கள் எவர்சில்வர் தூக்கில் உறைந்துபோயிருந்தது. மேலே வெள்ளையாகக் கொழுப்பு. தூக்கைக் கையில் எடுத்ததும் உள்ளே மொத்தமும் லேசாக ஆடியது. ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

உங்கள் மகள் ரேவதி ஸ்கூட்டியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர், அதுதான் உங்கள் தம்பி, சொன்ன உடனே கம்பெனியில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்தேன். புதுவாயலிலிருந்து கிளம்பி, பேசின் பிரிட்ஜில் இறங்கி அடுத்த ரயில் பிடித்து இங்கே வந்து சேர்வதற்குள் இடுப்பு விட்டுப்போய்விட்டது. எட்டு வருஷத்துக்கு முன்னால் எனக்காக இதே வழியில் வாரத்துக்கு இரண்டு தடவை வந்துபோனீர்கள். அப்போது, இவங்களுக்கு வேற வேலை இல்லை போல என்று நினைத்தவள் நான்.

எனக்குக் கும்மிடிப்பூண்டியில் பேக்கிங் வேலை. புதுவாயல் கூட்ரோட்டில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் மடங்கி, கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்தது. மாவுக்கட்டு போட்ட மூன்றாம் நாள் சாயங்காலம், தூக்கு நிறைய சூப்போடு நீங்கள் வாசலில் நின்றீர்கள். நமக்குள் அதுவரை பெரிய ஒட்டுதல் கிடையாது. என் கல்யாணப் புடவையைப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையைப் பதினோரு வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்தேன். அந்த மாதிரி விஷயத்தில் எனக்கு ஞாபகசக்தி ரொம்ப அதிகம்.

அன்றைக்கு வலியில் எனக்கு எதுவும் இறங்கவில்லை. காலையில் சூடு பண்ணிக் குடி என்று சொல்லி, தூக்கை நீங்களே ஃப்ரிட்ஜில் வைத்தீர்கள். அன்று எங்கள் வீட்டிலேயே தங்கினீர்கள். மறுநாள் நீங்கள் பால் வாங்கப் போயிருந்தபோது, வாக்கரை ஊன்றிக்கொண்டு போய்த் தூக்கைத் திறந்தேன். உள்ளே கட்டியாக, தொட்டால் ஆடியது. எங்கள் அம்மா வீட்டில் எலும்பு வாங்கினால் அன்றைக்கே குடித்துத் தீர்த்துவிடுவோம். மறுநாள் அது எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பட்டதெல்லாம் ஒன்றுதான். எலும்பைப் பேருக்குக் காட்டிவிட்டு, கல்யாண வீட்டு சூப் மாதிரி கார்ன்ஃப்ளார் மாவைக் கரைத்து ஊற்றியிருக்கிறீர்கள், தம்பி பெண்டாட்டிக்கு இது போதும் என்று நினைத்திருக்கிறீர்கள். அத்தனையையும் சிங்க்கில் கொட்டி, வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

பால் பாக்கெட்டோடு வந்தீர்கள். கழுவிக் கவிழ்த்த தூக்கைப் பார்த்தீர்கள்.

"சூப்பு குடிச்சியா?"

"குடிச்சிட்டேன் அண்ணி."

"உப்பு சரியா இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சி."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நாஷ்டாவுக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டீர்கள். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் நீங்கள் தூக்கில் சூப் கொண்டுவரவே இல்லை. ரயிலில் சிந்துகிறது என்று சொல்லிவிட்டு, கடையில் தீயில் வாட்டி வெட்டிய கால்களைப் பையில் எடுத்துவந்தீர்கள். மஞ்சள்தூள் போட்டுக் கழுவி, கொதித்து வரும் நுரையை வழித்துக் கொட்டி, தட்டிய சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம் சேர்த்து, குக்கரில் பத்து விசில் வந்த பிறகும் அரை மணி நேரம் அடுப்பைக் குறைத்து வைப்பீர்கள். உப்பை மட்டும் டம்ளரில் ஊற்றிய பிறகுதான் கிள்ளிப் போடுவீர்கள். நான் கடைசிச் சொட்டு வரை குடிக்கிற வரைக்கும் கட்டில் பக்கத்திலேயே நிற்பீர்கள். அப்படி நிற்பதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கும். அதிகாரம் பண்ணுகிறீர்கள் என்று உங்கள் தம்பியிடம் புலம்பியிருக்கிறேன்.

ஒரு நாள் மீந்த சூப்பை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போனீர்கள். மறுநாள் பார்த்தால் அதே கட்டி, அதே ஆட்டம். ஒரு சிட்டிகை மாவு விழவில்லை என்பதற்கு என் கண்ணே சாட்சி. எலும்பின் சத்து நன்றாக இறங்கினால் சூப் அப்படித்தான் உறையும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அடுத்த தடவை வரும்போது சொல்லிவிடலாம் என்றிருந்தேன். கட்டுப் பிரித்தார்கள், நடந்தேன், வேலைக்குப் போனேன். நாம் சிரித்துப் பேசிக்கொள்ளவும் ஆரம்பித்திருந்தோம். அதைக் கெடுப்பானேன் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன ஆடியில் நெஞ்சு வலி என்று உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை.

இன்று காலை ரேவதி என் அழுகையைப் பார்த்துப் பயந்துவிட்டாள். உங்களிடம் சொல்லாததை அவளிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் சிரித்தாள், அண்ணி.

"அம்மாக்கு அன்னிக்கே தெரியும் அத்தை. அந்தத் தூக்குல உப்பே போடல. சூடு பண்ணி போட்டுக்கலாம்னு வச்சிருந்தாங்க. நீங்க சரியா இருந்துச்சின்னீங்களாம்."

ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

"நானும் கேட்டேன். 'காலு ஒடஞ்சி கெடக்கறா, அவள நிக்க வச்சி இன்னா கேக்கறது? இனிமே எலும்ப எடுத்துக்கினு போயி அங்கியே காச்சி, குடிக்க வச்சிட்டு வரேன்'னாங்க."

எட்டு வருஷம் அந்தப் பொய்யை நான் ஒருத்தியே சுமப்பதாக நினைத்திருந்தேன். நீங்களும் சுமந்திருக்கிறீர்கள், இரண்டு ரயில் மாறி, எலும்புப் பையோடு சேர்த்து. கடைசி வரைக்கும் என்னைத் தலைகுனிய விடவில்லை. புடவை விஷயத்தை நான் இன்றைக்கு விட்டுவிட்டேன், அண்ணி. இனி ஞாபகம் வைத்துக்கொள்ள எனக்கு இது இருக்கிறது.

சூப்பைச் சூடு பண்ணி ரேவதிக்கு ஒரு டம்ளர் கொடுத்து, அவள் குடித்து முடிக்கிற வரை பக்கத்திலேயே நின்றேன். பிறகு எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றி, ஒரு கிள்ளு உப்பைப் போட்டு, கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

உப்பு சரியா இருந்துச்சி, அண்ணி.