திருப்பிச் சொல்கிறவள்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் இரண்டு ஷிப்ட். பிரசவ விடுப்பில் போனவள் இடம் இன்னும் காலி. சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனவன் இடமும் காலி. மேற்பார்வை அக்கா கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார். (எங்களுக்குள் அவர் பெயர் சைரன். குரல் அப்படி.) "உன்ன விட்டா யாரு இருக்கா, சொல்லு."

இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் மயங்கிவிடுகிறேன். தெரிந்தே மயங்குகிறேன். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் நான் ஒருத்தி இல்லாவிட்டால் ஊரே படுத்துவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகள், "அம்மா, நாளைக்கு கலர் பேப்பர் வேணும்" என்றாள். "கலர் பேப்பர், நாளைக்கு, சரி" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். குளியலறைக் கதவு வரை அவள் குரல் கேட்டது. "அம்மா திருப்பிச் சொல்லிட்டாங்கப்பா. நீங்களே வாங்கிட்டு வந்துடுங்க."

சிரித்தேன். சிரிக்கிற விஷயமா?

மார்ச் 5, புதன்

புதிதாக வந்திருக்கும் பெண்ணுக்குப் பாடம் எடுத்தேன். கூப்பிடுகிறவர் பதறுவார், அழுவார், கத்துவார். நமக்கு வேண்டியது எங்கே, எப்போது, என்ன. அதை மட்டும் பொறுக்கி எடுத்து அவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் "ஆமா" என்றதும் வண்டியை அனுப்பிவிட்டு, "சரி" என்று முடித்து, மனத்திலிருந்து துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் அடுத்த அழைப்பு காதில் ஏறாது.

ஒரு அழைப்பு முடிந்ததும் அவள் அழுதுவிட்டாள். "நீ அதையே நெனச்சுட்டு உக்காந்திருந்தா அடுத்த ஆளு என்ன பண்ணுவாரு?" என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டுவிட்டேன். ஆனால் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 7, வெள்ளி

இவருக்கு சோபா தைக்கிற வேலை. எங்கள் முன்னறைதான் பட்டறை. பஞ்சும் பசையும் ரெக்ஸின் துண்டுகளுமாக அங்கே கால் வைக்க இடம் இருக்காது. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், கழுத்தில் அளவு நாடா இல்லாமல் மனுஷன் இருந்ததில்லை. சாப்பிட உட்கார்ந்தாலும் அது தொங்கும், எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். இன்று பார்த்தால் நாடா சுவரில் ஆணியில் தொங்குகிறது.

"பரவாயில்லையே, திருந்திட்டீங்க" என்றேன். அவர் வாயைத் திறந்தார், பிறகு சும்மா சிரித்துவிட்டுத் தைக்கப் போய்விட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

இன்றும் வேலை. மகளைச் சினிமாவுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தேன். அவள் கேட்கக்கூட இல்லை. அடம் பிடித்திருந்தால் தேவலை.

மார்ச் 10, திங்கள்

அழைப்புகள் ஓயவே இல்லை. ஒன்றில்கூடத் தவறவில்லை.

மார்ச் 13, வியாழன்

வீட்டுக்கு வந்தேன். அவர் கழுத்தில் பிளாஸ்திரி.

"என்னங்க இது?"

"ஊசி போட்டு எடுத்தாங்க. கட்டியில இருந்து."

"எந்தக் கட்டி?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். "சொன்னேனேம்மா" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். சொல்லவே இல்ல, என்கிட்ட எதையும் சொல்றதில்ல, நான் இந்த வீட்டுல யாரு என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள், அந்த அளவுக்குக் கத்தினேன். அவர் பொறுமையாக, "திங்கக்கிழமை ஆபீஸ் நம்பருக்கே பண்ணேன். நீ திருப்பிக்கூட சொன்னியே" என்றார்.

"சரி, யாரு கூடப் போனீங்க?"

மகள் கையைத் தூக்கினாள். வகுப்பில் தூக்குவது போல. பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, பதினோரு வயசுப் பெண், ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நான் நம்பவில்லை. அவர் சொல்லியிருக்க மாட்டார். சொல்லியிருந்தால் எனக்கு எப்படி மறக்கும்?

மார்ச் 14, வெள்ளி

வேலை நேரத்தில் எங்கள் கைப்பேசியெல்லாம் அலமாரியில் பூட்டியிருக்கும். வீட்டில் அவசரமென்றால் மேசை எண்ணுக்குக் கூப்பிடலாம். இத்தனை வருஷத்தில் அவர் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டதே கிடையாது. அதில் வருவதெல்லாம் பதிவாகும். திங்கட்கிழமைப் பதிவைப் போடச் சொல்லி சைரனிடம் கேட்டேன்.

இவர் குரல். "நான்தான்மா. நேர்ல சொல்லலாம்னு பாத்தேன், நீ எப்பவும் தூங்கிட்டிருக்கே. கழுத்துல ஒரு கட்டி வந்திருக்கு. சாம்பிள் எடுத்துப் பாக்கணும்னு டாக்டர் சொல்றாரு. வியாழக்கிழமை காலையில பத்து மணிக்கு. கொஞ்சம் பயமா இருக்கு. நீ வர முடியுமா?"

என் குரல். "கழுத்தில் கட்டி. வியாழன் காலை பத்து மணி. சாம்பிள். சரி."

டக்கென்று வைத்துவிட்டேன்.

"சுத்தமா எடுத்திருக்கியே" என்றார் சைரன். பிறகுதான் அவருக்கு யார் பேசினது என்று உறைத்தது. எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

பயமாக இருக்கிறது என்றதையும், வர முடியுமா என்றதையும் நான் திருப்பிச் சொல்லவில்லை. அவை எங்கள் திரையில் எந்தக் கட்டத்திலும் சேராது. அந்நியர்களுக்கு நான் அப்படிச் செய்வது சரிதான், அவர்களுக்கு வண்டிதான் வேண்டும். இவருக்கு?

கழிப்பறைக்குப் போய் வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு அழுதேன். திரும்பி வந்து உட்கார்ந்து அடுத்த அழைப்பை எடுத்தேன். எடுக்க முடிந்ததே, அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

வீடு அமைதியாக இருக்கிறது. அவர் தைக்கிறார், தையல் மிஷின் ஓடுகிறது, நிற்கிறது. திட்டித் தொலைத்தாலாவது நிம்மதியாக இருக்கும். "பதிவைக் கேட்டேன்" என்றேன். "ம்" என்றார். அவ்வளவுதான்.

முடிவு வியாழக்கிழமை வருகிறது. புற்றாக இருந்தால்? எழுதிப் பார்த்தால் பயம் குறையுமென்று எழுதினேன். குறையவில்லை.

மார்ச் 17, திங்கள்

சைரனிடம் வியாழக்கிழமை விடுப்பு கேட்டேன். அடுத்த மாதத்திலிருந்து ஒரு ஷிப்டுக்கு மேல் பார்க்க மாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"வியாழக்கிழமையா? அன்னைக்குன்னு பாத்து ஏற்கெனவே ரெண்டு பேரு லீவு. உன்ன விட்டா யாரு இருக்கா?"

"அவருக்கும் என்ன விட்டா யாரு இருக்கா, அக்கா?"

ஒப்பித்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. அவர் டூட்டிப் பட்டியலைப் புரட்டினார். "வியாழன் போயிட்டு வா. மத்தத அப்புறம் பாப்போம்" என்றார். அந்த அப்புறம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். "அப்புறம் இல்லக்கா, இப்பவே சொல்லுங்க" என்று நின்றுகொண்டேன். "சரி தாயே" என்றார் எரிச்சலோடு.

மார்ச் 19, புதன்

நாளை பத்து மணி. இதை யாரிடமும் திருப்பிச் சொல்லவில்லை. சொன்னால் துடைத்துவிடுவேனோ என்று.

மார்ச் 20, வியாழன்

வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னால் இன்னும் ஒருவர்தான். அப்போது கைப்பேசி அடித்தது. சைரன். மேம்பாலத்தில் பஸ் கவிழ்ந்துவிட்டதாம். "ரெண்டு கை போதல. அரை மணி நேரம் வந்துட்டுப் போ, ப்ளீஸ்." அவர் கெஞ்சி நான் கேட்டதே இல்லை.

இவர் என் முகத்தைப் பார்த்தார். "போகணுமா?" என்றார். சாதாரணமாக. கடைக்குப் போகணுமா என்று கேட்பது போல. இந்த மனுஷனை நான் இப்படிக் கேட்கப் பழக்கி வைத்திருக்கிறேன்.

என் காலுக்குள் ஒரு துடிப்பு இருந்தது, பொய் சொல்லவில்லை. கவிழ்ந்த பஸ்ஸுக்குள் யாரெல்லாம் இருப்பார்கள்? "என்னால முடியாதுக்கா" என்று சொல்லி அணைத்துப் பைக்குள் போட்டேன். "போகல" என்றேன்.

உள்ளே டாக்டர் நிதானமாகத்தான் பேசினார். வெளியே வந்ததும் இவர் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். "என்ன சொன்னாரு? முதல் வார்த்தைக்கு அப்புறம் எனக்கு ஒண்ணுமே கேக்கலம்மா."

திருப்பிச் சொன்னேன். தைராய்டு சுரப்பியில் புற்று. வேறெங்கும் பரவவில்லை. அடுத்த மாதம் ஆபரேஷன். இந்த வகை பெரும்பாலும் குணமாகிவிடும். பிறகு தினமும் ஒரு மாத்திரை. டாக்டர் சொன்ன அதே வரிசையில், ஒன்று விடாமல். யார் யார் வீட்டுச் சாவையெல்லாமோ குரல் மாறாமல் சொன்னவள், புற்று என்ற இடத்தில் உடைந்துபோனேன்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார். சொன்னேன். குணமாகிவிடும் என்ற இடத்தை மட்டும் மூன்றாவது முறையும் கேட்டார்.

மார்ச் 21, வெள்ளி

பஸ்ஸில் இரண்டு பேர் அங்கேயே இறந்திருக்கிறார்கள். வண்டி எதுவும் தாமதமாகப் போகவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. என் இடத்தில் புதுப்பெண் உட்கார்ந்திருக்கிறாள். எல்லா வண்டியையும் சரியாக அனுப்பியிருக்கிறாள். இன்று கண் சிவந்து வந்தாள், நேற்றையதை இன்னும் துடைக்கவில்லை போலிருக்கிறது. இந்த முறை நான் பாடம் எடுக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, அவள் சொன்னதைக் கேட்டேன்.

நான் இல்லாமலே எல்லாம் நடந்திருக்கிறது. நிம்மதிதான். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. வெட்கக்கேடு.

ஏப்ரல் 24, வியாழன்

ஒரே ஷிப்ட். வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆபரேஷனுக்குப் போட்ட லீவு முடிந்து இது ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, இன்னும் பழகவில்லை, கை சும்மா இருந்தால் எதையாவது துடைத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது, பக்கத்தில் போனால்தான் கேட்கிறது. தேறிவிடும் என்கிறார்கள். நாடா இன்னும் ஆணியில்தான். மகள் தரையில் கிடந்த பஞ்சைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவர் ஏதோ சொன்னார். குனிந்தேன்.

"அன்னைக்கு ரொம்ப பயமா இருந்துச்சும்மா."

"அன்னைக்கு ரொம்ப பயமா இருந்துச்சு" என்றேன். பழக்கதோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. மகள் பஞ்சை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். அடுத்து ‘சரி’ வரும் என்று அவளுக்குத் தெரியும்.

தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எப்பங்க? ஊசி போட உள்ள கூட்டிட்டுப் போனாங்களே, அப்பவா?"

இல்லை என்று தலையாட்டினார். அதற்கும் முன்னாலிருந்து, நாடாவைக் கழற்றி மாட்டிய நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.