மால்ட் காய்ச்சும் மிஷின்

ஹாமில்டன், நியூசிலாந்து
12 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் பாதி நேரம் 'கேக்குதா, கேக்குதா' என்பதிலேயே போய்விடுகிறது, உட்கார்ந்து எழுதேன்டா என்று நீ சொன்னாய். இதோ எழுதிவிட்டேன். நீயும் தாளில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பு. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. கீர்த்தனாவுக்குக் கொஞ்சம் சளி, மற்றபடி சௌக்கியம். குட்டி நடக்கிறாள், விழுகிறாள், மறுபடியும் நடக்கிறாள்.

ஒரு உதவி வேண்டும். உன்னிடம் இல்லை, மாமாவிடம். வீட்டில் மால்ட் காய்ச்சுவதற்கு ஒரு கரண்ட் மிஷின் வாங்கலாம் என்றிருக்கிறேன். பெரிய எவர்சில்வர் டிரம், அடியில் ஹீட்டர், தானியத்தைப் போட உள்ளே ஒரு சல்லடைக் கூடை, தண்ணீரைச் சுற்றிவிட பம்ப், எல்லாம் ஒன்றாகவே வருகிறது. இரண்டு மாடலுக்கு நடுவில் நின்றுகொண்டிருக்கிறேன். ஒன்றில் கன்ட்ரோலரை டிரம்மின் அடியிலேயே பதித்திருக்கிறார்கள். இன்னொன்றில் அது தனிப் பெட்டி. அறுபத்தேழு டிகிரியில் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும், பிறகு கொதிக்க வேண்டும், பிறகு சீக்கிரமாக இருபதுக்கு ஆற வேண்டும். மாமா பாய்லர் கன்ட்ரோல் பார்த்தவர். எது நல்லது என்று கேட்டுச் சொல்.

அவரை ரொம்பத் தொந்தரவு செய்யாதே. முடிந்தால் போதும்.

உன் தம்பி,
ரஞ்சித்

புதுப்பட்டினம்
19 மே 2024

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

அக்காவுக்கு ஒரு வரி, மாமாவுக்கு ஒரு பக்கம். இருக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை உன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். முடிக்கும் முன்பே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார், மிஷினை நேரில் பார்க்கப் போகிறவர் போல. கம்பெனியில் குடிக்காக அவரை நிறுத்தியதிலிருந்து ஒரு பல்பு மாட்டித் தரச் சொல்லிக்கூட யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. குடியை விட்டு போன தையோடு ஒரு வருஷம் முடிந்துவிட்டது. ஊர் நம்பவில்லை. ஊரை என்ன சொல்வது, சாயங்காலம் அவர் உள்ளே நுழையும்போது நானே முதலில் மூச்சைத்தான் மோந்து பார்க்கிறேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தனிப் பொட்டிதான் வாங்கணும். அடியில வெச்சா, பொங்கி வழியறது மொத்தமும் கன்ட்ரோலர் மேலதான் ஊத்தும். அது கெட்டா டிரம்மையே தூக்கிகினு கடைக்குப் போவணும். தனியா இருந்தா செவுத்துல மாட்டிக்கலாம்." சூடு வந்ததும் பட்டென்று நிறுத்துகிற கன்ட்ரோலரும் வேண்டாமாம். நிறுத்தின பிறகும் ஹீட்டரில் இருக்கிற சூடு ஏறிக்கொண்டே போகும், அடுப்பை அணைத்த பிறகும் பால் பொங்குவது போல. சொன்ன டிகிரியை நெருங்க நெருங்கக் கரண்டைத் தானாகக் குறைக்கிறதா என்று கடையில் கேட்டு வாங்கச் சொன்னார். தனி லைன் இழுத்து நல்ல எர்த் கொடுக்க வேண்டும், அதை மறக்காதே.

ஒரு கஞ்சி ஆறுவதற்கு இவ்வளவு ஏற்பாடா என்று கேட்டேன். சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

எங்கள் மகளிர் குழுவில் சொல்லிவிட்டேன். கடை டப்பாவை நம்பாமல் என் தம்பி குழந்தைக்கு வீட்டிலேயே மிஷின் வைத்து மால்ட் காய்ச்சப் போகிறான் என்று. முனியம்மா வாயைப் பிளந்தாள். நாமும் ராகி மால்ட் போட்டு மாமல்லபுரத்தில் டூரிஸ்ட்காரர்களுக்கு விற்கலாமே, அந்த மாதிரி ஒன்று நமக்கும் கேளேன் என்கிறார்கள். கேட்கிறேன் என்று தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறேன். போட்டோ அனுப்பு.

உன் அக்கா,
விஜயகுமாரி

ஹாமில்டன்
9 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா சொன்னபடி தனிப் பெட்டிதான் வாங்கினேன். சுவரில் மாட்டிவிட்டேன். அறுபத்தேழு என்றால் அறுபத்தேழிலேயே நிற்கிறது. அவரிடம் சொல்.

குழுவில் ரொம்பச் சொல்லிக்கொள்ள வேண்டாம் அக்கா. இது நீ நினைக்கிற மால்ட் இல்லை, வேறு விதம். நேரில் வரும்போது விளக்கமாகச் சொல்கிறேன். போட்டோவும் அப்போதே.

என்னோடு வேலை பார்க்கிற ஹேமந்த் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறான். அவன் வீடு ஊரப்பாக்கத்தில். மாமாவுக்கு ஒரு சின்னக் கன்ட்ரோலர் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஏதாவது செய்து பார்க்கட்டும்.

ரஞ்சித்

புதுப்பட்டினம்
22 ஜூலை 2024

ரஞ்சித்துக்கு,

'அன்பு' என்று எழுதக் கை வரவில்லை. உன் மேல் கோபம் பாதிதான், மீதி என் மேல்.

உன் ஹேமந்த் போன ஞாயிறு வந்தான். அன்றைக்கு என் வீட்டில்தான் குழுக் கூட்டம். நியூசிலாந்திலிருந்து ஆள் வருகிறான், மிஷினைப் பற்றி அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று எல்லோரையும் உட்கார வைத்திருந்தேன். காபியைக் குடித்துவிட்டு அந்தப் பிள்ளை கபடமில்லாமல் சொல்கிறான்: "ரஞ்சித் போடற பீரு செமயா கீதுக்கா. நாங்க கடையில வாங்கறதயே வுட்டுட்டோம்."

முனியம்மாதான், "இன்னாமே விஜயா, கொழந்தைக்கா பீரு?" என்று கேட்டாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய? டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், எல்லோரும் கிளம்பும் வரை வெளியே வரவில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்றிலிருந்து என் கண் உன் மாமா மேல்தான். இத்தனை வருஷம் பாய்லர் பார்த்தவருக்கு, அறுபத்தேழும் இருபதும் எதற்கு என்று தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் என்னிடம் சொல்லவில்லை. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிவிட்டீர்கள் என்று நெஞ்சு எரிந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை கொல்லைக் கொட்டகையில் புளித்த வாடை. போய்ப் பார்த்தால் சாக்கு சுற்றிய பானை, உள்ளே போகிற ஒயர், நீ அனுப்பிய பெட்டியில் சிவப்பு எண் எரிகிறது. எனக்குக் கண் தெரியவில்லை தம்பி. பானையைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு வந்து கொட்டினேன். "எம் பொறந்தவன் கத்துக் குடுத்துட்டானா? வூட்லயே காய்ச்ச ஆரம்பிச்சிட்டியா?" என்று கத்தினேன். என் சத்தத்தில் தெரு மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது.

அவர் வந்து தரையைப் பார்த்தார். "கூழுமே அது," என்றார். "கோயிலுக்கு. மாவு ஒரே சூட்டுல புளிக்குதா, அடிப்புடிக்காம காய்ச்ச முடியுதான்னு பாத்தேன்." பானையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

மண்ணில் கிடந்தது கேழ்வரகு மாவு. பிறந்ததிலிருந்து பார்க்கிற மாவு, எனக்கு அது தெரியவில்லை.

இந்த வருஷம் ஆடிக் கூழ் காய்ச்சுகிற பொறுப்பை அம்மன் கோயில் தமிழ்வாணன் அவரிடம்தான் கொடுத்திருந்தான். என்னிடம்கூடச் சொல்லாமல் சரியாக வருகிறதா என்று பார்த்திருக்கிறார். நேற்றுக் காலை தமிழ்வாணன் வந்து வாசலிலேயே நின்றான். "அண்ணாத்த, இந்த வருஷம் நாங்களே பாத்துக்கறோம். சாமி காரியம் பாரு. நீ ரெஸ்ட் எடு." இவர் "சரிப்பா" என்றார். இவர் பேரைச் சொல்லி, சுப்பிரமணி மறுபடியும் ஆரம்பித்துவிட்டான், இப்போது வீட்டிலேயே காய்ச்சுகிறான், ஒரு நாள் போலீஸ் வரப்போகிறது என்று மார்க்கெட் வரைக்கும் பேச்சு. ஊருக்குச் சொன்னது யார்? நான்தான், நடுத்தெருவில் நின்று.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருக்கும். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய் நின்றுகொள்கிறேன். அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

அவருக்குத் தெரியுமா, தெரியாதா? நீ ஏன் என்னிடம் மறைத்தாய்?

அக்கா

ஹாமில்டன்
25 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவுக்குத் தெரியும். என் முதல் கடிதம் வந்த மறுநாளே போன் செய்தார். "ரஞ்சித்து, இது பீருக்குத்தானே?" என்றார். நான் கூனிக்குறுகிப் போனேன். ஆமாம் மாமா என்று ஒப்புக்கொண்டேன். அவர் சாதாரணமாகத்தான் பேசினார். "அக்காகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா, எனக்கும் அதுல நெனப்பு கீதுன்னு பயந்துடுவா. மிஷினுக்கு இன்னா வேணும், அத்த கேளு. எங்கிட்ட வந்து ஒருத்தன் வேலைன்னு கேட்டு எவ்ளோ நாளாச்சுடா." சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சொல்லவில்லை. அவர் எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார், அதற்குத்தான் இப்போது அடி வாங்கியிருக்கிறார்.

இங்கே வீட்டில் பீர் காய்ச்சுவது தப்பில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காய்ச்சுகிறார், வாத்தியார் காய்ச்சுகிறார். ஆனால் உன்னிடம் அந்தச் சொல்லை எப்படி எழுதுவேன்? மாமாவை ஆட்டோவிலிருந்து இறக்கி, வாந்தியைக் கழுவி, நீ படுக்க வைத்ததை ஒன்றுக்குப் பத்து முறை பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். உன்னை அழ வைத்த அதையே நான் லீவு நாளில் பொழுதுபோகாமல் செய்கிறேன் என்று சொல்லக் கூசியது. மால்ட் என்று எழுதினேன். அதில் போடுகிற தானியத்துக்குப் பெயர் அதுதான், பொய் இல்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ கஞ்சி என்று எடுத்துக்கொண்டதும் எனக்கு வசதியாகப் போயிற்று.

அவரிடம் போய் யோசனை கேட்டது இன்னும் பெரிய தப்பு. குடியை விட்டு எழுந்த மனுஷனிடம் அதைக் காய்ச்சும் பாத்திரத்தைப் பற்றிக் கேட்கிறோமே என்று எனக்கு உறைக்கவே இல்லை.

மாமாவுக்கு மூன்று நாளாகப் போன் செய்கிறேன், எடுக்கவில்லை. மிஷினைத் துடைத்துக் கட்டி வைத்துவிட்டேன். விற்றுவிடுகிறேன். ஊரில் என்ன சொன்னால் மாமாவுக்கு நல்லதோ அதைச் சொல். என் பெயரைச் சொல்.

ரஞ்சித்

புதுப்பட்டினம்
4 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பி ரஞ்சித்துக்கு,

உன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை எல்லா வீட்டிலிருந்தும் கோயிலுக்குக் கேழ்வரகு மாவு கொண்டுவந்து கொடுத்தார்கள். குழுப் பெண்கள் முழுக்க அங்கேதான். என் முறத்தை வைத்துவிட்டு நின்றேன். உன்னைப் பற்றி ஊரில் நான் அளந்ததெல்லாம் கொஞ்சமா நஞ்சமா.

"தமிழ்வாணா, எம் தம்பி வெளிநாட்டுல பீரு காய்ச்சறான். மிஷினு அதுக்குத்தான். எம் வூட்டுக்காரர் காய்ச்சனது கூழு. அத்த தெரியாம தெருவுல கொட்டனவ நான்," என்றேன். தமிழ்வாணன் பிடரியைச் சொறிந்துகொண்டு, "பாக்கலாங்கா," என்றான். பெண்கள் யாரும் இந்த முறை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்குத் தேவலை.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "நான் போவ மாட்டேன்மே, வுடு," என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்று காலை முனியம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அண்ணாத்த, அண்டா அடிப்புடிச்சுகினு கீது. ஒனக்குத்தான் தெரியும். வந்து பாரு." அவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

விறகை இழுத்துப் போட்டார். தீய்ந்ததை அடியோடு விட்டு, மேலிருந்ததை மட்டும் வேறு அண்டாவுக்கு மாற்றி, அன்றைக்குப் பானைக்குள் விட்டிருந்த ஹீட்டரையும் நீ கொடுத்த பெட்டியையும் மாட்டினார். அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். வரிசையில் சொம்போடு நானும் நின்றேன். என் முறை வந்ததும் மற்றவர்களுக்கு ஊற்றியது போலத்தான் ஊற்றினார். கூட்டம் கலைந்த பிறகு பக்கத்தில் போய், "கோவம் போச்சா?" என்று கேட்டேன். ஸ்விட்சை அணைத்துவிட்டு எண்ணைப் பார்த்தபடியே சொன்னார்: "நிறுத்தியாச்சு. எறங்கறதுக்கு நேரமாவும்."

அண்டாவின் சூட்டைச் சொன்னாரோ, தன் கோபத்தைச் சொன்னாரோ. காத்திருக்கிறேன் என்றேன்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது நான் மூச்சை மோந்து பார்க்கவில்லை. அவர் அதைக் கவனித்தார். வாசற்படியில் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

மிஷினை விற்காதே. அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. காய்ச்சினால் காய்ச்சினேன் என்று எழுது, பீர் என்றே எழுது. எனக்குப் பிடிக்காது, அதையும் நான் எழுதுவேன்.

ஹேமந்த் அடுத்த வாரம் திரும்புகிறானாம். குட்டிக்குக் கேழ்வரகை முளைகட்டி வறுத்து அரைத்துக் கொடுத்தனுப்புகிறேன். டப்பா மேல் 'மால்ட்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். உள்ளே இருப்பதும் அதுதான்.

உன் அக்கா,
விஜயகுமாரி