நீலப் பெட்டிக்குள் போன போத்தல்கள்

1994 ஒக்ரோபர் 18, செவ்வாய்

உதவி செய்யப் போய் ஏச்சு வாங்கினேன். மனைவி வேலையால் வருவதற்கு முன் சமையலறையை ஒதுக்கினேன். அவள் கழுவிக் காயவைத்திருந்த ஜாம் போத்தல்கள், கோப்பிப் போத்தல்கள் எல்லாவற்றையும் மீள்சுழற்சிக்கான நீலப் பெட்டியில் அடுக்கி றோட்டோரம் வைத்தேன். நாளைக் காலை நகரசபை லொறி வரும். நல்ல காரியம் செய்த நினைப்பில் தேத்தண்ணி குடித்தேன்.

வந்தவள், நேற்று வறுத்து அரைத்துப் பேப்பரில் ஆறப்போட்டிருந்த மிளகாய்த்தூளைக் காட்டினாள்.

"உந்தத் தூளை இனி எதுக்குள்ள போடுறது? போத்தலெல்லாம் எங்க?"

"நீலப் பெட்டிக்குள்ள போட்டிட்டன். சூழலுக்கு நல்லதாம்."

"கொண்டுபோய் என்ன செய்வாங்கள்?"

"உருக்கித் திரும்பப் போத்தல் செய்வாங்கள்."

"அது இப்பவும் போத்தல்தானேயப்பா."

திரும்ப றோட்டுக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கினேன். பக்கத்து வீட்டுப் பெட்டியில் பெரிய ஊறுகாய்ப் போத்தல் ஒன்று மூடியோடு கிடந்தது. அதையும் எடுத்தேன். அந்த வீட்டுக்காரர் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கத்தோடு கையசைத்தேன். அவரும் அசைத்தார்.

மனைவி அந்தப் போத்தலை மணந்து பார்த்தாள். மூடியை இறுக்கிப் பார்த்தாள். எங்கே எடுத்தது என்று கேட்கவில்லை.

"எதிர் வீட்டுப் பெட்டியையும் பார்த்தனீங்களோ?" என்று மட்டும் கேட்டாள்.